விபத்து ஏதுமில்லை என்று எழுதாத வருடம்

ஒரு கம்பெனி காற்றையும் தண்ணீரையும் தொழிலாளியையும் எப்படி நடத்துகிறது என்று வருடாவருடம் அறிக்கை எழுதித் தருவது என் தொழில். அதை முழுதாகப் படித்தவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆபீஸ் அறிக்கைகளில் மாட்டிக்கொண்டு முழிக்கும் என் சக ஜீவன்களே, மைசூரில் ஒரு தையல் ஃபேக்டரியில் நடந்ததைக் கேளுங்கள்.

மைசூர்க் கடல்

பழைய அறிக்கையைக் கேட்டேன். ஹெச்.ஆர். மேனேஜர் வரதன் சார் பெருமையாக எடுத்துத் தந்தார். ‘எங்கள் ஃபேக்டரியை ஒட்டிய கடற்கரையைச் சுத்தமாக வைத்திருக்கிறோம்’ என்றிருந்தது. மங்களூர்ப் பக்கத்துக் கம்பெனி எதையோ பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, ஊர் ஏரியைத் துணைக்கு இழுத்தார்: “கடல் இல்லேன்னா என்ன மேடம், காரஞ்சி கெரெ இருக்கல்லா!”

செல்வியின் விரல்

அடுத்த பக்கத்தில் ‘விபத்து ஏதுமில்லை’. இந்த வருடத்துக்கும் அதே வரியை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கௌதள்ளி கிராமத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் செல்வியின் விரலில் பெரிய கட்டு. பட்டன் வைக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டதாம். வரதன் சாரிடம் கேட்டேன். “எழுதினா ஹெட் ஆபீஸ் என்னைத்தான் பிடிக்கும். ரிட்டயர் ஆகப் போற நேரம், மேடம்” என்றார். சொன்னவர் ஜன்னல் வழியே செல்வியின் மெஷினைப் பார்த்தார். பிறகு அவரே அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூர் ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. வரதன் சார் நின்றுகொண்டே பேசினார், வியர்த்துவிட்டது. ஆனால் அந்த மாதமே எல்லா மெஷினுக்கும் ஊசிக்கு முன்னால் தடுப்பு வந்தது. செல்வியிடம், “உனக்கு அடிபட்டது அறிக்கையில் வருது, பேர் மட்டும் வராது” என்றேன். அவள் சொன்னாள்: “பேரு வராட்டிப் போவுதுங்க மேடம், பக்கத்து மெசினு புள்ளைக்கு இனி அடிபடாதில்லீங்க.”

ஓய்வறை

‘பெண்களுக்கு ஓய்வறை உண்டு’ என்ற வரியைச் சரிபார்க்கப் போனால், அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். “இதை எப்படி சார் எழுதறது?” என்றேன். வரதன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் பெட்டியைத் தூக்கினார். நானும் ஒன்றைத் தூக்கினேன்.

மறுவாரம் அந்த அறையிலேயே லேப்டாப்பில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி புதுப் பாயில் படுத்திருந்தாள். வரதன் சார் கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்து, கிசுகிசுத்தார்: “மெல்லத் தட்டுங்கோ மேடம், அவ இப்போத்தான் கண்ணசந்தா.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: அழகான அறிக்கையை ஒரு ஆள் தனியாகவே எழுதிவிடலாம், உண்மையான அறிக்கைக்குத்தான் பெட்டி தூக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.