வான்படக் கேமராவின் நான்கு நட்டுகள்

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் ஒரு காலத்தில் மாட்டிக் கழற்றிய பழைய கேமராவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். விமானத்தின் அடிவயிற்றில் உள்ள ஓட்டை வழியாகப் பூமியைப் படம் பிடிக்கும் ஃபிலிம் கேமரா. அது எப்படி வேலை செய்தது என்று மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லி மூன்று முறை போன் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து லென்ஸைப் பற்றி எழுதுவேன். நான்கு நட்டுகளிடம் வந்ததும் பேனாவை மூடிவிடுவேன். இனியும் தள்ளிப்போட அலுப்பாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1. அமைப்பு

கேமராவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கீழே கூம்பு போன்ற லென்ஸ் கோன், நடுவில் பாடி, மேலே ஃபிலிம் சுருள் இருக்கும் மேகஸின். ஃபிலிம் ஒரு சாண் அகலம். இவ்வளவு அகலமான ஃபிலிம் கொஞ்சம் வளைந்தாலும் அளவு பிசகும். படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அளந்தால் வாய்க்கால் நாலடி தள்ளி ஓடும். அதற்காகப் பின்னால் பொடித் துளைகள் போட்ட ஒரு தட்டு உண்டு. ஷட்டர் திறப்பதற்குள் வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்சி, ஃபிலிமைத் தட்டோடு தட்டாக ஒட்ட வைக்கும். படம் விழுந்ததும் விட்டுவிடும்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கடிகாரம், உயரம் காட்டும் மீட்டர், ரசமட்டக் குமிழி, படத்தின் நம்பர் எல்லாம் சேர்ந்து பதியும். இவை கேமராவுக்குள்ளேயே இருப்பவை. எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சாய்ந்து எடுத்தது என்று யாரும் பொய் சொல்ல முடியாது. இதை வடிவமைத்தவன் மனிதர்களிடம் நன்றாக அடிபட்டவன் என்று நினைத்துக்கொள்வேன்.

மொத்தக் கேமராவும் மவுண்ட் என்ற தாங்கியில் உட்காரும். அதன் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ், மேலே ஒரு நட்டு. நட்டைக் கையால் முறுக்கினால் போதும். தொட்டால் கேமரா லேசாக ஆட வேண்டும். அப்போதுதான் இன்ஜின் அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

2. ஆனை முட்டினாலும்

நான் வந்தது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து. அப்பாவின் பட்டறை. அங்கே பத்து வருடம் கற்றது ஒன்றுதான்: ஆடுவது எல்லாம் ஒருநாள் ரோட்டில் விழும். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று போல்ட்டை முறுக்குவோம். முப்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, விமானத்திலிருந்து நிலப்படம் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கேமரா மெக்கானிக்காகச் சேர்ந்தேன்.

போட்டோகிராபர் ரத்தினம் அண்ணன். ஆட்டையாம்பட்டிக்காரர், தறிக்காரக் குடும்பம். சேலத்தில் விமானம் கிளம்பும்போதே ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொள்வார். எத்தனை தடவை பறந்தாலும் அவருக்கு அது சலிக்கவில்லை.

பரமத்தி வேலூர் காவிரிக்கரையை வாய்க்கால்களோடு படம் எடுக்க வேண்டும். மூன்று வாரம் மேகம் விலகவில்லை. ஒருநாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கேமராவை நான் தனியாக மாட்டினேன்.

"கையில முறுக்குனாப் போதுஞ்சாமி" என்று அண்ணன் முந்தியே சொல்லியிருந்தார். ஆனால் மாட்டி முடித்துத் தொட்டுப் பார்த்தால் கேமரா ஆடியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இரும்பைப் பற்றித் தறிக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்து, ரப்பர் நசுங்கும்வரை நான்கையும் இறுக்கினேன்.

"மாட்டியாச்சா சாமி?"

"ஆச்சுங்ணா. ஆனை வந்து முட்டினாலும் அசையாது."

சிரித்தார். மற்ற நாட்களில் கேமராவைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பார். அன்று பைலட் அவசரப்படுத்தினார், ஏறிவிட்டார்.

3. ஓரம் சுத்தம், தரை கலக்கம்

ஃபிலிம் சென்னையில் கழுவி ஐந்தாம் நாள் வந்தது. கொண்டுவந்தவர் மேனேஜர்.

"என்னய்யா இது, ஒரு ஃபிரேம் கூடத் தேறல! ஷட்டரை ஸ்லோவா வெச்சுட்டு மேல தூங்குனியா?"

"ஷட்டர் சரியாத்தானுங்க சார் வெச்சேன்" என்றார் அண்ணன்.

"அப்ப கேமராவா பொய் சொல்லுது? ஓரத்துல கடிகாரத்தைப் பாரு, முள்ளு ஷார்ப்பா இருக்கு. தரைதான் கலங்கிக் கெடக்கு. கேமரா மேல தப்பு இல்ல, உன் மேலதான் தப்பு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்ற கோபம் அவருக்கு. கேமராவே நடுங்கினால் உள்ளே இருக்கும் ஃபிலிமும் கடிகாரமும் சேர்ந்தே நடுங்கும், அதனால் முள் கலங்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. அண்ணன் ஃபிலிம்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஷட்டர் மெதுவென்றால் பறக்கும் திசையில் மட்டும் படம் இழுபட வேண்டும். இதில் வாழைத்தோட்ட வரப்புகள் குறுக்கும் நெடுக்குமாக இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பறந்த அன்று மாலையே கேமராவை நான் கழற்றிவிட்டிருந்தேன்; நட்டு எப்படி இருந்தது என்று இனி யாரும் பார்க்க முடியாது.

வெளியே வந்ததும் கேட்டார்: "நட்டை எதுல முறுக்குன?"

"கையிலதானுங்ணா. நீங்க சொன்னாப்பல."

வேலை போனால் மறுபடி அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குப் பயந்துதான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அண்ணன் "செரி, போ" என்றார்.

அவரைப் பறப்பதிலிருந்து எடுத்து, சென்னையில் பிரிண்ட் போடும் அறைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அவருக்குப் பதில் வேறொருவர் பறந்தார். நான் நட்டுகளைக் கையால் முறுக்கினேன். படங்கள் பளிச்சென்று வந்தன. "பாத்தியா, ஆளை மாத்துனதும் சரியாப் போச்சு" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல்தான். அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை விமானம் ஏறவில்லை.

4. காப்பி

போன வாரம் ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் பரமத்தி ஃபிலிமு... ஸ்பேனர்ல முறுக்குனது நானுங்ணா."

டிவி சத்தத்தைக் குறைத்தார். "தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்ணா சொல்லல?"

"நீ கழட்டி வெச்சதுக்கப்பறம் நாஞ்சொன்னா எவன் நம்புவான்? அது நீ சொல்லோணும். நாளைக்குச் சொல்லுவ, நாளானிக்குச் சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் எனக்கே சலிச்சுப்போச்சு."

"மன்னிச்சுக்கங்ணா."

"அதெல்லாம் இனி என்னால ஆகாது சாமி. காப்பி குடிச்சுட்டுப் போ."

குடித்தபடியே கல்லூரிக் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். வாசல்வரை வந்தவர், "காலேஜுக்கு என்னமோ எழுதறேன்னயே, அதுல எழுது" என்றார்.

நேற்று கல்லூரிக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மவுண்ட்டின் நான்கு நட்டுகளையும் ரப்பர் பிதுங்கும்வரை இறுக்கி வைத்திருந்தார்கள். "ஆடிட்டே இருந்துச்சுங்க சார், அதான் டைட் பண்ணிட்டேன்" என்றார் அங்கிருந்த லேப் ஊழியர். பாடி கட்டும் ஊர்க்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடமே ஸ்பேனரை வாங்கி நானே தளர்த்தினேன்.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்தக் கேமரா நேரம், உயரம், சாய்வு எல்லாவற்றையும் படத்தின் ஓரத்தில் தானே எழுதிவைக்கும். நட்டை முறுக்கியது யார் என்று மட்டும் எழுதாது. அதை முறுக்கியவன்தான் எழுத வேண்டும், அன்றைக்கே எழுத வேண்டும். பரமத்தி வேலூர் ஃபிலிமில் ஷட்டரைச் சரியாக வைத்திருந்தவர் ரத்தினம். நட்டை ஸ்பேனரால் முறுக்கியவன் நான்.