‘கின்’ என்ற வினைச்சொல்லுக்குக் குரல் தேடிய நாள்

பிற்பகல் 1.20க்கு என் மகள் கைபேசியை எடுக்கவில்லை. எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான்.

புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஓர் இணைய அகராதிக்கு வினைச்சொல் பக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைய சொல் லக்சம்பர்க் மொழியின் ‘கின்’. ஜெர்மனின் ‘கேபன்’, ஆங்கிலத்தின் ‘கிவ்’ எல்லாம் அதற்கு ஒரே வேர்ச் சொந்தங்கள். முதற்பொருள் ‘கொடு’. ‘ஆகு’ என்றும் பொருள்படும். செயப்பாட்டு வினைக்கும் துணை நிற்கும். நிகழ்காலத்தில் நான், நீ, அவன் என்பவற்றுக்கு எஷ் கின், டு கெஸ், ஹி கெட். இறந்தகாலத்தில் கௌஃப் என்று ஆளே மாறிவிடும். எழுத்து வேலை முடிந்திருந்தது. ஒலிப்பதிவு மட்டும் மிச்சம்.

குரல் தர ஒப்புக்கொண்டவர் லக்சம்பர்க்கில் பிறந்த மதாம் ஐரீன். வீடு இல்-பிசார் தீவில், அங்கே பஸ் அரிது. அண்மையில் லைசென்ஸ் எடுத்த மகள் ஆரணி, "நான் ஏத்திக்கொண்டு வாறன் அம்மா" என்றாள். பனி கொட்டியது. ஆனாலும் போக விட்டேன்.

"எங்க பிள்ளை?" என்றார் மேலாளர் தேவன் அண்ணை.

"போன் எடுக்கிறாள் இல்லை அண்ணை. மதாமும் எடுக்கேல்லை."

"ரோட்டு வழுக்குது, மெல்லத்தான் வருவினம். இருங்கோ."

"எப்பிடி அண்ணை இருக்கிறது?"

"அப்ப நில்லுங்கோ. கதிரையை மட்டும் உருட்டாதேங்கோ, மைக்கைச் சோதிக்கிறன்."

அட்டவணையை வாசித்தேன், ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. கவிழ்ந்த கார்களே தெரிந்தன.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். குரல் தருபவரை அழைத்துவர ஆளனுப்பினால் பாதையை மட்டும் சொல்லாதீர்கள். அந்த வீட்டு வழக்கத்தையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அவசர உதவிக்கு 911ஐ அழுத்தப் போன நேரம் கதவு திறந்தது. கையில் ஒரு பீன்ஸ் சூப் சட்டியுடன் மதாம். பின்னால், கோட்டுப் பொத்தானைப் பூட்டாமல் ஆரணி.

"உங்கள் வீட்டில் இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடே போடுவதில்லையா?" என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார். "எங்கள் வீட்டில் தட்டு வெறுமையாக இருந்தால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்றுதான் அர்த்தம். இவள் ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்துவிட்டாள்!"

நான் ஆரணியைக் கட்டிக்கொண்டேன்.

"மெல்ல அம்மா, வயிறு!" என்றாள் அவள். "மிச்சம் விட்டால் சமைச்ச ஆக்களுக்கு மரியாதை இல்லை எண்டு நீங்கள்தானே வளர்த்தனீங்கள்? நான் முடிக்க அவ போடுறா, அவ போட நான் முடிக்கிறன். மேசையில போனும் எடுக்க விடமாட்டா. நாலு தட்டு போஞ்சிச் சூப், அம்மா! சீட்பெல்ட் பூட்டவே பட்ட பாடு!"