பொட்டு ஒட்டிய பாட்டில்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடமாகிறது. தாராவியில் எங்கள் சந்து முழுக்க அது தெரியும். ஜிலேபிக் கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எனக்குப் போன வருடம்தான், கால் புண் ஆறவில்லையே என்று பார்த்தபோது தெரிந்தது. அன்றைக்கே இனிப்பை விட்டேன். மனுஷன் இன்னும் விட்டபாடில்லை.

மாட்டுங்காவில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா இருவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நாள்பட்டால் சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக்குழாய்கள் பழுதாகி, ஆல்புமின் என்ற புரதம் கசியுமாம். உடம்பு ஒன்றும் சொல்லாத காலத்திலேயே அது காட்டிக் கொடுத்துவிடுமாம். விடிந்ததும் முதலில் போவதைத்தான் பிடிக்க வேண்டும். பொதுக் கழிப்பறை வரிசையில் நான் முந்தானைக்குள்ளும் அவர் துண்டுக்குள்ளும் பாட்டிலை மறைத்துக்கொண்டு நின்றோம்.

இரண்டும் ஒரே மாதிரி பாட்டில். அவர் பெயரை நான் சொல்வதுமில்லை, எழுதுவதுமில்லை. அதனால் அடையாளத்துக்கு என்னுடையதில் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டினேன். லேப்காரப் பெண் சிரித்துக்கொண்டே அதை உரித்துவிட்டு, தன் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

ரிப்போர்ட் வந்தது. அவருக்குக் கசிவு இல்லை. எனக்கு இருந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜிலேபி தின்றவருக்கு ஒன்றுமில்லை, பாகற்காய் தின்றவளுக்குச் சேதமா?

"ஏட்டி, அந்தப் பிள்ள பொட்ட உரிச்சால்லா, அப்பவே மாறிட்டு. அது என்னோடதுதான்" என்றார் அவர். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவரை நினைத்து அழுதேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் எப்படி வருமென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். இந்த முறை ஆளுக்கொரு நாள், தனித்தனியாகப் போனோம். அதே முடிவுதான்.

"எனக்கு வந்து ஒரு வருசந்தான ஆச்சு, டாக்டர்?" என்றேன்.

"கண்டுபிடிச்சுதான் ஒரு வருஷம். அதுக்கு முன்னாடி எப்ப டெஸ்ட் பண்ணிண்டேள்?"

யோசித்துப் பார்த்தேன். வருடா வருடம் அவரை லேபுக்குக் கூட்டிப்போனது நான்தான். வெறும் வயிற்றில் அவருக்கு ரத்தம் எடுக்கும்போது, டப்பாவில் இட்லியோடு பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட என் கையை நீட்டியதில்லை. என் சர்க்கரைக்கு எத்தனை வயது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.