வாடகைக்குச் சிங்கம்

இன்று மத்தியானம் முரளி ஒரு வீடியோ கேசட்டோடு என் ஜெர்சி சிட்டி மளிகைக் கடைக்கு வந்தார். கென்யாவுக்கு சஃபாரி போய் அவரே எடுத்ததாம். என் தமிழ்ப் படக் கேசட்டுகளோடு இதையும் வாடகைக்கு விட வேண்டுமாம்.

"ஒருத்தராவது முழுசாப் பாக்கணும் அண்ணாச்சி. டின்னருக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். யானை வர்றதுக்குள்ள ட்ரெயினுக்கு லேட்டாச்சுன்னு எல்லாரும் கிளம்பிட்டாங்க."

சரக்கைப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை. கடை டிவியில் போட்டேன்.

புல். இன்னும் கொஞ்சம் புல். மூலையில் கொசு அளவுக்கு ஒரு சிங்கம் படுத்திருந்தது. என் கடை அரிசி மூட்டைகூட அதைவிட அசையும்.

அப்போதுதான் படத்துக்குள்ளிருந்து அவர் மனைவி உமாவின் குரல் வந்தது.

"ஏங்க, கண்ணாடிய ஏத்துங்க. அது நம்மளத்தான் பாக்குது."

"சும்மா இரு, ஜூம் பண்றேன்."

"இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க வெச்சீங்கன்னு சொல்லிட்டு ஜூம் பண்ணுங்க."

பருப்பு வாங்க வந்தவர்கள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். யானை வந்தது, போனது. ஒருவரும் நகரவில்லை. ஓர் ஆன்ட்டி, கேசட்டை வீட்டுக்குத் தருவீர்களா என்று கேட்டார். முரளிக்கு முகமெல்லாம் பெருமை.

"முரளி, அவங்க கேக்கறது சிங்கத்த இல்ல, உங்க வீட்டம்மாவ."

"இருக்கட்டும் அண்ணாச்சி. முழுசாப் பாக்கறாங்கல்ல?"

உமாவுக்குப் போன் போட்டோம். பேரத்தை அவரே முடித்தார். இரண்டு நாளைக்கு ஒரு டாலர். பாதி எனக்கு, பாதி உமாவுக்கு. சிங்கத்துக்கும் முரளிக்கும் ஒன்றுமில்லை.