ஒரு ‘தெரியாது’வுக்கு ஒரு டொபி

என் மகளுக்கு நாலு வயதானபோது, பொய் சொல்ல நான்தான் ரியூஷன் கொடுத்தேன். யுத்தகாலத்துத் திருகோணமலையில் எல்லா வீட்டிலும் அதே வகுப்புத்தான். பக்கத்து வீட்டுச் சின்னவன் சோதனைச் சாவடியில் நின்ற இராணுவத்தினரிடம், தன் சித்தப்பா குசினிக்குள் ஒளித்துப் படுப்பதை வாய் நிறையக் கதைத்துவிட்டான். விசாரணைக்குப் போன சித்தப்பா வீடு திரும்ப மாதக்கணக்கானது. அதன் பிறகு எந்தத் தாய்க்கு நித்திரை வரும்?

கணவரின் தொப்பியைப் போட்டு, வீடு கூட்டும் தும்புத்தடியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு நான் விறைப்பாக நிற்பேன்.

“உங்கட பேர் என்ன?”

“தெரியாது.”

“வீடு எங்கை?”

“தெரியாது.”

கல்யாண ஆல்பத்தில் என் படத்தைக் காட்டி, “இது ஆர்?”

“தெரியாது.”

ஒவ்வொரு ‘தெரியாது’வுக்கும் கையை நீட்டுவாள்; ஒரு டொபி இனிப்பு வைப்பேன். கடைசியில் தொப்பியைக் கழற்றி, “ஆமி போயிட்டுது” என்பேன். டொபியும் இந்த வாசகமும் எல்லா வீட்டுக்கும் பொது. சீருடை போட்ட எல்லோருமே எங்களுக்கு ஆமிதான். உடனே “அம்மா!” என்று பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் காலை அவளுடைய நேசறிப் பள்ளி வான், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி நடு வீதியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மானுக்கு வழிவிடப் போய், வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் சரிந்தது. மான் எழும்பக்கூட இல்லையாம். சாரதி மயங்கிவிட்டார். காவலுக்கு நின்ற கடற்படைக்காரர்கள் ஓடிவந்து, பிள்ளைகளைத் தூக்கியெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேர் கேட்டார்கள், வீடு கேட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் “தெரியாது” என்று கத்திவிட்டுக் கையை நீட்டியிருக்கிறார்கள். பாவம், கையில்தான் அடி என்று நினைத்து எல்லாக் கைக்கும் துணி சுற்றிவிட்டார்கள்.

நான் வேலை செய்த கந்தோர் பக்கத்தில் என்பதால் முதலில் ஓடிப்போனது நான்தான். நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்தபடி, கட்டுப்போட்ட கைகளோடு பிள்ளைகள். வாசலில் துவக்கோடு ஒரு கடற்படைக்காரர். என் மகளுக்கு முழங்காலில் நல்ல வெட்டு. தாதி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸி, அது பென்சிலினோ? போடாதேங்கோ! அவளுக்கு ஒத்துவராது. போனமுறை மூச்சு நிண்டு தப்பினவள்.”

“நீங்கள் ஆர்?”

“தாய்.”

தாதி குனிந்து மகளிடம் கேட்டார். “பிள்ளை, இது ஆர்? அம்மாவோ?”

மகள் துவக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பரீட்சை என்று விளங்கிவிட்டது. கண் மின்ன, “தெரியாது” என்று சொல்லி, கட்டுப்போட்ட கையை என்னிடம் நீட்டினாள்.

அவளின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “அம்மா எண்டு சொல்லடி!”

“தெரியாது.” இப்போது மற்றக் கையும் நீண்டது.

“ஆரெண்டு தெரியாத ஆளின்ர கதையைக் கேட்டு ஊசியை நிப்பாட்ட ஏலாது. இது டொக்டர் சொன்னது” என்றார் தாதி.

நான் கடற்படைக்காரரைக் கும்பிட்டேன். தலையைத் தொட்டுக் காட்டி, கதவைக் காட்டி, “ஐயா, தொப்பியைக் கழட்டிப்போட்டு ஒருக்கா வெளியில நில்லுங்கோ” என்று மன்றாடினேன். விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஆமி போயிட்டுது” என்றேன்.

“அம்மா!” மகள் என் கழுத்தில் தொங்கினாள். தாதி ஊசியைத் தட்டில் வைத்தார்.

நான் சொன்ன ‘ஆமி போயிட்டுது’ வாங்கு முழுவதற்கும் கேட்டுவிட்டது. பேர், அப்பாவின் பேர், வீட்டு ஒழுங்கை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. தாதிக்கு எழுதக் கை போதவில்லை. அதோடு விட்டார்களா?

“எங்கட மாமா கோழிக்கூட்டுக்குப் பின்னால படுக்கிறவர்!”

“எங்கட அண்ணா கட்டிலுக்குக் கீழ!”

உஸ், உஸ் என்று பார்த்தேன். யார் கேட்டார்கள்? அதற்குள் கடற்படைக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நல்ல தெளிவான தமிழில் சொன்னார்.

“எனக்குத் தமிழ் தெரியாது.”

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அவருக்கும் ஒரு டொபி குடுங்கோ.”