பக்கத்துக் கடை எப்படிங்க?

"வியாபாரம் எப்படிங்க போகுது?"

இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? சமீபத்தில் இந்த ஒரு கேள்வியோடு எங்கள் திருவண்ணாமலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

விஷயம் இதுதான். லாட்ஜ், ஹோட்டல் வேலைகளுக்கு இலவசப் பயிற்சி தர ஒரு தொண்டு நிறுவனம் ஊர் தேடிக்கொண்டிருந்தது. உள்ளூர் முதலாளிகளிடம் சர்வே எடுப்பார்கள். ஆள் தேவை இருந்தால் இங்கே, இல்லாவிட்டால் வேறு ஊர். பொறுப்பாளர் சுமதி மேடம் வெளியூர்க்காரர். "தெரிஞ்சவங்க நீங்க கூட வந்தா பேசுவாங்க" என்றார். போனேன்.

எனக்கும் ஒரு சுயநலம். எங்கள் தெருத் தையல் கடைக்குப் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வருபவர் கலா. பிளஸ் டூ படித்தவர். லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்... வெளியூர் போய்ப் படிக்க வழியில்லை. "இங்க வந்தா சேர்ந்துடுவேண்ணா. வரலன்னா இந்த மெஷின்தான்" என்றார்.

முதலில் ஒரு லாட்ஜ். 'ரூம் இல்லை' என்று ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார் ஓனர்.

"வியாபாரம் எப்படிங்க?"

"ஏதோ ஓடுது சார்."

"புதுசா ஆள் எடுப்பீங்களா?"

"இருக்கறவங்களுக்கே வேலை கம்மி சார்."

வெளியே வந்தால் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது – 'வேலைக்கு ஆட்கள் தேவை'! மேடத்திடம் காட்டினேன். "அவர் சொல்றதைத்தானே சார் நான் எழுத முடியும்?" என்றார்.

அடுத்தடுத்த கடைகளிலும் அதே 'ஏதோ ஓடுது'தான். 'நல்லா இருக்கு' என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே... எப்படிச் சொல்வார்? கண் பட்டுவிடும். கட்டட ஓனர் வாடகையை ஏற்றிவிடுவார். டாக்ஸ்காரர் காதில் வேறு விழுந்து தொலைக்கும்!

"இங்க டிமாண்டே இல்லை சார். வேற ஊர் பாத்துடலாம்" என்றார் மேடம். கலாவிடம் என்ன சொல்வது?

கடைசியாக, அந்த லாட்ஜுக்கு எதிரே ஒரு ஸ்வீட் ஸ்டால். அவரும் 'ஏதோ ஓடுது' என்று பாட்டைப் பாடிவிட்டு, லாட்ஜைக் கை காட்டினார்.

"அவருக்கு இன்னா சார்! பௌர்ணமின்னா ரூமே கிடைக்காது. ஆள் இல்லாம அவரே பெட்ஷீட் மாத்தறாரு!"

ஆஹா... இதுவல்லவா பதில்!

மறுநாள் கேள்வியையே மாற்றினோம். "உங்க கடையை விடுங்க. பக்கத்துக் கடை எப்படி?" அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அதே லாட்ஜ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்ல ஸ்வீட் ஸ்டால்ல கூட்டம் ஜாஸ்தி சார். பில் போட ஆள் இல்லாம வீட்டம்மாவையே கல்லாவுல உக்கார வெச்சிட்டாரு."

ஆக, எங்கள் ஊரில் யாருக்குமே வியாபாரம் இல்லை – ஆனால் எல்லாருடைய பக்கத்துக் கடையும் அமோகம்! நம் நல்ல நேரம் நமக்குத் தெரிவதற்கு முன் எதிர்க் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. மேடம் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பயிற்சி இப்போது எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலிலேயே நடக்கிறது. 'வேலை கம்மி' லாட்ஜ்காரர் நேரிலேயே வந்து, "முடிச்சதும் ரெண்டு பேரை எனக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் கலாவைப் பார்த்தேன். தோளில் புதுப் பை, முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிளாஸ் எப்படிம்மா போகுது?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஏதோ போவுதுண்ணா..."