கத்தரிப் பாத்தியில் எழுந்த ஆத்தா

எண்பதுகளில் வந்த அந்த வறட்சியில் எங்கள் மலையூரைக் காப்பாற்றியவன் நான்தான். பொய். காப்பாற்றியவர் என் சகலை, அதாவது என் பெண்டாட்டியின் அக்கா புருஷன். நான் காப்பாற்றியது பதினோரு கத்தரிச் செடிகளை. அவையும் கடைசியில் எனக்கில்லை.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுவது சகலையின் வேலை. சாமைப் பயிர் கருகி, ஊற்றுக் கிணற்றில் அடிமண் தெரிந்ததும் ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. வீட்டுக்கு நான்கு குடம். செடிகொடிக்குச் சொட்டு ஊற்றக் கூடாது. ஊற்றினால் அந்த வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர் கிடையாது. காவல், சகலை. அன்றிலிருந்து அவர் தெருவில் நடந்தால் கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் நடந்தால் நாய்கூட நகராது. "எங்க மாமா பேர சொன்னா ஊரே வாய மூடுது. உன் பேர சொன்னா ஊரே பல்லக் காட்டுது" என்பாள் பெண்டாட்டி. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். அந்த வருஷம் ஒதுங்க மழையும் இல்லை.

ஒன்றிலாவது அவரை ஜெயிக்க வேண்டும். ஆடிக்கு மாமனார் வரும்போது என் தோட்டத்துக் கத்தரிக்காயில் குழம்பு வைத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். செடிகளோ தலை தொங்கி நின்றன. அப்போதுதான் தொட்டியடியில் ஒருத்தி கேட்டாள், "கோயில் வேப்ப மரத்துக்கு ஊத்தறமே, அதுவும் கூடாதா?" சகலை உடனே சொன்னார், "ஆத்தாவுக்கு வூட்டுக்கு ஒரு சொம்பு ஊத்துங்க. அத நிறுத்த நான் யாரு?"

எனக்கு மூளை வேலை செய்வது அபூர்வம். அன்று செய்தது. வீட்டு அம்மிக் குழவியை எடுத்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கத்தரிப் பாத்தியின் நடுவில் நட்டேன். பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்து. "கனவுல ஆத்தா வந்து எடம் கேட்டா" என்று தெருவில் சொன்னேன். மறுநாளே பெண்கள் சொம்போடு வந்தார்கள். ஊர்த் தண்ணீர் என் செடிக்குப் பாய்ந்தது. செடிகள் நிமிர்ந்தன, நானும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

ஐந்தாம் நாள் சகலை வந்தார். செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், கைகூப்பினார். அவர் என் தோட்டத்தில் தலை குனிந்ததைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பம்பை முழங்கியது. பிறகு அவர் என் காதோடு சொன்னார், "இந்தக் குழவிய செங்கம் சந்தையிலேர்ந்து மலையேத்தனவன் நான்தான்டா. ஒனக்கு இடுப்பு வலின்னு சொன்னியே, மறந்துட்டியா?" என் கல்யாணச் சீர் அம்மியையும் அவர்தான் சுமந்து வந்திருந்தார். மூன்று நாள் தண்ணீரும் போயிற்று, மானமும் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் பெண்கள் பக்கம் திரும்பி, "ஆத்தா ரெண்டு எடத்துல கீறா. அதே சொம்புல பாதி அங்க, பாதி இங்க. இந்தக் காயி சாமி சொத்து, கூழு ஊத்தற அன்னிக்கு ஊருக்கே பொது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஜென்மத்துக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

அதோடு முடிந்ததா? சாமியாகிவிட்ட குழவியைப் பிடுங்கி மிளகாய் அரைக்க முடியுமா? பெண்டாட்டி தினமும் அரைக்க அக்கா வீட்டுக்குப் போனாள். "அக்கா வூட்டு அம்மில அரைச்சா கொழம்பு தனி ருசிங்க" என்று வேறு சொன்னாள். ஆடிக்கு வந்த மாமனார் கோயிலில் என் கத்தரிக்காயைத் தின்றுவிட்டு, "பெரிய மாப்ள ஊர எப்படி கட்டிக் காக்கறாரு, பாரு" என்று என்னிடமே சொன்னார்.

ஒரு நாள் தாங்க முடியாமல் சகலையின் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். தொட்டிச் சாவி வைத்திருப்பவன் மல்லிகைச் செடிக்கு ஒரு சொம்பாவது ஊற்றாமலா இருப்பான்? வேரடியில் விரலை விட்டேன். இரண்டாம் கணு வரைக்கும் புழுதி. இன்னும் ஆழமாக விட்டேன். அங்கும் புழுதி. "இன்னாடா, தேளு கீளு கொட்டிச்சா?" என்றார் பின்னால் வந்து நின்ற சகலை. ஒன்றுமில்லை என்றேன். கொட்டியதுதான். அவர் திருடியிருந்தால் அவர் மேல் எனக்கிருந்த காய்ச்சல் அன்றே விட்டிருக்கும். அந்தக் காய்ந்த செடியைப் போல என்னைப் பொறாமைப்பட வைத்த பச்சைச் செடி எதுவும் இல்லை.

அப்புறம் ஐப்பசியில் மழை வந்தது. வந்த அன்று சகலை தொட்டி மேல் ஏறி நின்று...

"யோவ், பழங்கத பேசனது போதும், எழுந்து வா! மாமா வாசல்ல நிக்கறாரு. அவரு வூட்டு மோட்டாரு ரிப்பேராம். ரெண்டு கொடம் தண்ணி கேக்கறாரு."

கேட்கிறாரா? அவரா? என்னிடமா? "ரெண்டு இன்னாடி, நாலு குடுக்கலாம்! நீ தூக்காத, நான் எடுத்தாறேன். தெருப்பக்கமா எடுத்தாறேன்!"